கெட்ட செய்தி முதலில் உங்களிடம் வரட்டும்: சிங்கப்பூரில் சிறு குழுவை நடத்துபவர்களுக்கு 90 நாள் வழிகாட்டி

ஒரு வேலையிடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள அங்குள்ள சுவரொட்டிகளைப் படித்தோ ஆண்டிறுதி விருந்துப் படங்களைப் பார்த்தோ பயனில்லை. ஒரே ஒரு கணக்குப் போதும். ஏதோ கோளாறு என்று கீழே ஒருவருக்குத் தெரிந்த நேரத்துக்கும், பொறுப்பில் இருப்பவரின் காதுக்கு அது எட்டிய நேரத்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி? பத்து நிமிடம் என்றால் அந்த இடம் உருப்படியாக நடக்கிறது. இரண்டு வாரம் என்றால் அங்கே சம்பளம், மரியாதை, பயம் மூன்றில் ஏதோ ஒன்று பழுதாகியிருக்கிறது.

2004 ஏப்ரல் 20ஆம் தேதி நிக்கல் நெடுஞ்சாலை அருகே வட்ட ரயில் பாதைக்காகத் தோண்டிய பள்ளம் இடிந்து நால்வர் இறந்தார்கள். விசாரணைக் குழு வடிவமைப்புத் தவறுகளைச் சுட்டிக்காட்டியது. அதோடு, தாங்கு சுவர் அளவுக்கு மீறி வளைந்ததும் கருவிகள் காட்டிய எண்கள் ஏறிக்கொண்டே போனதும் உரிய கவனம் பெறவில்லை என்றும் சொன்னது. எண்கள் காகிதத்தில் இருந்தன. ‘வேலையை நிறுத்துங்கள்’ என்ற சொல்லாக அவை மாறவில்லை. 2006ல் வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் பின்னணியில் அந்த விபத்தும் உண்டு.

உங்களுடையது தேக்காவில் 12 பேர் வேலை செய்யும் உணவகமாக இருக்கலாம், ஊபியில் மின்வேலை எடுத்துச் செய்யும் நிறுவனமாக இருக்கலாம், துவாஸ் கிடங்காகவோ சாங்கி வணிகப் பூங்காவில் மென்பொருள் எழுதும் குழுவாகவோ இருக்கலாம். செய்தி அடைபடும் விதம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இந்த வழிகாட்டி 10 முதல் 40 பேர் வரை உள்ள குழுக்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதற்கும் பெரிய இடமென்றால் ஒரு பிரிவில் மட்டும் தொடங்குங்கள்.

முதல் இரண்டு வாரம்: சம்பளக் கணக்கு

பலர் இதை மனிதவளப் பிரிவின் தலைவலி என்று தள்ளிவிட்டு நேராகக் ‘குழு உணர்வு’ பயிற்சிக்குப் போகிறார்கள். போன மாத ஓடி (கூடுதல் நேர வேலை) காசு குறைகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஊழியர் உங்களிடம் மனம் திறந்து எதுவும் பேசமாட்டார். கயிறிழுக்கும் போட்டியில் அவரை எந்தப் பக்கம் நிறுத்தினாலும் சரி.

வேலை நியமனச் சட்டம் எதிர்பார்ப்பவற்றை முதலில் சரிபாருங்கள். வேலையில் சேர்ந்த 14 நாளுக்குள் முக்கிய வேலை நியமன விதிமுறைகள் எழுத்தில் கையில் கொடுக்கப்பட வேண்டும். சம்பளம், சம்பள காலம் முடிந்த 7 நாளுக்குள். கூடுதல் நேர ஊதியம் 14 நாளுக்குள். விவரமான சம்பளச் சீட்டு, சம்பளத்தோடு அல்லது அதிலிருந்து மூன்று வேலை நாளுக்குள். சம்பளச் சீட்டும் விதிமுறைத் தாளும் 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். இத்தனை ஆண்டாகியும் ‘கேட்டால் கொடுப்போம்’ என்று சொல்லும் கடைகள் இருக்கின்றன.

கூடுதல் நேரக் கணக்கில்தான் சண்டை அதிகம் வரும். உடலுழைப்பு வேலை செய்து மாதம் 4,500 வெள்ளி வரை அடிப்படைச் சம்பளம் பெறுபவர்களுக்கும், மற்ற வேலைகளில் 2,600 வெள்ளி வரை பெறுபவர்களுக்கும் வேலை நேர விதிகள் பொருந்தும். ஒரு மணி நேர அடிப்படை ஊதியத்தைக் கண்டுபிடிக்க, மாத அடிப்படைச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, 52 x 44, அதாவது 2,288ஆல் வகுக்க வேண்டும். 2,000 வெள்ளி வாங்குபவருக்கு அது 10 வெள்ளி 49 காசு. கூடுதல் நேரத்துக்கு அதன் ஒன்றரை மடங்கு, சுமார் 15 வெள்ளி 73 காசு. இந்தக் கணக்கை ஒவ்வொருவருக்கும் அவரவர் எண்ணைப் போட்டு ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பாதிச் சந்தேகம் அதிலேயே அடங்கிவிடும்.

மாதத்துக்கு 72 மணி நேரம்தான் கூடுதல் வேலைக்கு உச்சவரம்பு. ஒரு நாளில் மொத்தம் 12 மணி நேரம். ஒருவரை நாள்தோறும் நாலு மணி நேரம் கூடுதலாக நிறுத்தினால் பதினெட்டாவது வேலை நாளிலேயே 72 முடிந்துவிடும். அதற்குப் பிறகான நாட்களில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்: சூப்பர்வைசர் நேரத்தைக் குறைத்து எழுதத் தொடங்குவார், ஊழியர் தன் கைப்பேசியில் தனிக் கணக்கு வைப்பார், இரண்டும் ஒத்துப்போகாது. ஆகவே ஓடி தாளை மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதும் பழக்கத்தை நிறுத்துங்கள். அன்றன்றைக்கு வேலை முடியும்போது இருவரும் கையெழுத்திட வேண்டும். ஊழியர் அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொள்ளட்டும். பதினைந்தாம் தேதி ஒருமுறை கூட்டிப் பார்த்து, 45 மணி நேரத்தைத் தாண்டியவர்களுக்கு அடுத்த பாதி மாத அட்டவணையை மாற்றுங்கள்.

பழைய பாக்கி தெரியவந்தால் அடுத்த சம்பளம் வரை இழுக்காமல் கொடுத்துவிட்டு, எந்தத் தேதிக்கு எவ்வளவு என்று எழுதியும் கொடுங்கள். ‘கணக்கில் எங்கள் தவறு’ என்று முதலாளி பக்கமே வாய்திறந்து சொல்லும் அந்த ஒரு நாள், பின்னால் வரப்போகும் எல்லாப் படிகளுக்கும் முன்பணம்.

மூன்றாவது வாரம்: பத்துப் பேரிடம் தனித்தனியாகப் பேசுங்கள்

எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து “ஏதாவது பிரச்சினை இருக்கா?” என்று கேட்டால் கிடைப்பது மௌனம்தான். அந்த மௌனத்தைத் திருப்தி என்று எடுத்துக்கொள்வது மேலாளர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

ஆளுக்கு இருபது நிமிடம். உங்கள் அறையில் வேண்டாம். கோப்பிக்கடையிலோ, ஏற்றியிறக்கும் இடத்திலோ நின்றுகொண்டு பேசுங்கள். கோப்பி உங்கள் செலவு. பத்துப் பேரில் புதியவர் இருவர், மிகப் பழையவர் இருவர், இரவுப் பணியில் இருப்பவர் குறைந்தது ஒருவர், உங்கள் மொழி பேசாதவர் குறைந்தது மூவர் இருக்க வேண்டும். கேள்விகள் திட்டவட்டமாக இருக்கட்டும்:

“நேற்று எதற்காகக் காத்திருந்து நேரம் போனது?”
“எந்த வேலையைச் செய்யும்போது அடிபட்டுவிடுமோ என்று தோன்றுகிறது?”
“போன மாதம் யாரிடமாவது சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது என்ன?”
“நாளைக்கு ஒரே ஒரு பொருள் வாங்கித் தருவதென்றால் எதைக் கேட்பீர்கள்?”

நான்காவது கேள்வி அற்பமாகத் தோன்றும். ஆனால் பதில்கள் அதில்தான் கொட்டும்: சக்கரம் தேய்ந்த தள்ளுவண்டி, கைக்குப் பொருந்தாத கையுறை, சமையலறையில் வழுக்கும் பாய், சோதனைக்கு வைத்திருக்கும் பழைய மடிக்கணினி. கேட்டவற்றில் இரண்டையாவது ஏழு நாளுக்குள் வாங்கிக் கொடுங்கள். ஐம்பது வெள்ளிச் செலவில் முடியும் காரியம் ஒன்று எப்போதும் இருக்கும். முடியாததை ‘முடியாது, காரணம் இது’ என்று அவரிடமே போய்ச் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டு ஒன்றும் செய்யாமல் விடுவது, கேட்காமலே இருந்ததைவிட மோசம். அடுத்த முறை வாயே திறக்கமாட்டார்கள்.

மொழி தெரியாதவரிடம் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அவருடைய ஃபோர்மேனை அந்த வேலைக்கு வைக்காதீர்கள். அதே விடுதி அறையில் தங்கியிருக்கும் மூத்தவரும் வேண்டாம். ஊரில் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் அதே குழுவில் இருந்தால் அவரையும் வைக்காதீர்கள், தன்னைப் பற்றிய குறையைத் தன் வாயாலேயே மொழிபெயர்க்கச் சொல்வது போலாகிவிடும். முகவருக்குக் கொடுத்த பணத்தின் கடன் தீராத ஊழியருக்கு வேலை போய்விடும் என்ற பயம் மற்றவர்களைவிடப் பல மடங்கு. அவர் சொல்லும் ‘ஓகே பாஸ்’ என்பதை அந்தக் கடனோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

நான்காவது வாரம் முதல்: செய்தி வரும் அந்த அரை நிமிடம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஒருவர் வந்து “அண்ணே, அந்த வால்வு உடைஞ்சிடுச்சு” என்கிறார். உங்கள் முகத்தில் அந்த அரை நிமிடம் என்ன தெரிகிறதோ அதைப் பார்த்துத்தான் அடுத்த ஓராண்டுக்கு உங்களிடம் என்ன வரும் என்பது முடிவாகிறது. அவர் மட்டுமல்ல, பின்னால் நிற்கும் நாலு பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சொல்ல வேண்டியது மூன்று வாக்கியம், இதே வரிசையில்:

“சொன்னது நல்லது.”
“இப்போது யாருக்காவது ஆபத்து இருக்கிறதா?”
“சரிசெய்ய உங்களுக்கு என்ன வேண்டும்?”

‘யார் செய்தது’ என்பது இந்தப் பட்டியலில் கிடையாது. அந்தக் கேள்விக்கு இடம் உண்டு. ஆனால் அன்றைக்கு இல்லை. வேலை நடக்கும் இடத்தில் எல்லோர் முன்னாலும் ஒருபோதும் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் உடைந்த பொருளின் படத்தைப் போட்டு “இது யார் வேலை?” என்று கேட்கும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. அடுத்த முறை உடைந்த பொருள் குப்பைத்தொட்டியின் அடியில் போவதற்கு அதுவே காரணம்.

இதைத் தொடங்கிய முதல் மாதத்தில் தவறுகள் கூடியதுபோல் தோன்றும். பதறாதீர்கள். ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக நடத்தப்படும் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே தவறு அதிகம் நடக்கவில்லை. நடந்ததை மறைக்காமல் சொன்னார்கள். உங்கள் பதிவேட்டில் நூலிழையில் தப்பிய சம்பவங்கள் மாதத்துக்குச் சுழியம் என்று இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

காயம் பற்றி ஒரு வார்த்தை. வேலையிட விபத்தால் ஊழியருக்கு ஒரு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) கிடைத்தாலும், இலகுவான வேலை மட்டும் செய்யலாம் என்று மருத்துவர் எழுதினாலும், முதலாளி அதை மனிதவள அமைச்சிடம் தெரிவிக்க வேண்டும். 2020 செப்டம்பர் முதல் இதுதான் விதி. அவகாசம் 10 நாள். பதிவு கெட்டுவிடும் என்று பயந்து, தெரிந்த மருந்தகத்துக்குக் கூட்டிப்போய் எம்சி இல்லாமல் திருப்பி அழைத்துவரும் சூப்பர்வைசர்கள் உண்டு. ‘விபத்தில்லா நாட்கள்’ பலகைக்குப் போனஸ் வைத்திருக்கும் இடங்களில் இது கூடுதலாக நடக்கும். பலகை இருக்கட்டும், போனஸை எடுத்துவிடுங்கள்.

தினசரிப் பத்து நிமிடம்

கட்டுமானத்தில், வேலை தொடங்குமுன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டம், டூல்பாக்ஸ் மீட்டிங் என்று ஏற்கெனவே இருக்கிறது. பெரும்பாலும் அது வருகைப் பதிவாகவோ திட்டு வாங்கும் நேரமாகவோ சுருங்கிவிட்டது. உணவகத்திலும் அலுவலகத்திலும் அப்படி ஒன்றே கிடையாது. எந்த இடமானாலும் நின்றுகொண்டு, பத்து நிமிடத்தில் முடியுங்கள்.

முதல் இரண்டு நிமிடம், நேற்று முடியாமல் நிற்பது. அடுத்த மூன்று நிமிடம், இன்று யார், எங்கே, யாருடன். பிறகு மூன்று நிமிடம், இன்றைக்குரிய ஒரே ஒரு ஆபத்து அல்லது தடை. பத்து ஆபத்துகளைப் படித்தால் ஒன்றும் நிற்காது. வெயில் நாளில் வெளிப்புற வேலையென்றால் அன்றைய பேச்சு வெப்பம் பற்றி மட்டும் இருக்கட்டும்: ஈரக்குமிழ் வெப்ப அளவு (வெயில், ஈரப்பதம், காற்று எல்லாம் சேர்ந்த வெப்பக் கணக்கு) 32 டிகிரியைத் தொட்டால் கடும் உடலுழைப்பு செய்பவர்களுக்கு மணிக்குக் குறைந்தது பத்து நிமிடம் நிழலில் ஓய்வு. நிழல் எங்கே, தண்ணீர் எங்கே, அளவைப் பார்ப்பவர் யார் என்ற மூன்றையும் சொல்லிவிட்டால் போதும். உணவகத்தில் மதிய நெரிசலுக்கு முன்னால், மென்பொருள் குழுவில் காலை முதல் வேலையாக இதையே செய்யலாம். ஆபத்துக்குப் பதில் ‘இன்று எது நம்மைத் தடுக்கும்’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி இரண்டு நிமிடம் எல்லாவற்றையும்விட முக்கியம். “புரிந்ததா?” என்று கேட்காதீர்கள். சிங்கப்பூரில் அதற்குக் கிடைக்கும் பதில் “கேன், கேன்”. அந்தச் சொல் ‘புரிந்தது’ என்றும் பொருள்படும், ‘பேச்சை முடியுங்கள்’ என்றும் பொருள்படும். அதற்குப் பதிலாக ஒருவரைப் பார்த்து, “நீங்கள் முதலில் எதைச் செய்யப் போகிறீர்கள், எப்போது நிறுத்துவீர்கள்?” என்று கேளுங்கள். அவர் தன் மொழியில் சொல்லிக் காட்டட்டும், கையால் காட்டினாலும் சரி. தப்பாகச் சொன்னால், “நான் சொன்னது தெளிவாக இல்லை, மறுபடி சொல்கிறேன்” என்று பழியை உங்கள் பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே ஆளைக் கேட்காமல் மாற்றிக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் மற்றவர்கள் அவர் தலையில் போட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

இங்கே தமிழ் பேசும் மேற்பார்வையாளர்கள் கவனிக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. கூட்டத்தை ஆங்கிலத்தில் முடித்துவிட்டு, நம் ஆட்களைத் தனியாக அழைத்து, “தம்பி, உண்மையில் விஷயம் என்னன்னா...” என்று தமிழில் தொடர்வது. பாசத்தில் செய்வதுதான். ஆனால் பங்ளாதேஷியரும் மியன்மார்க்காரரும் சீனரும் அதைப் பார்க்கிறார்கள். உண்மையான தகவல் தமிழில்தான் ஓடுகிறது என்று முடிவு கட்டுகிறார்கள். தமிழில் சொன்னது முக்கியமானது என்றால் அதே நிமிடம் எல்லோருக்கும் சொல்லுங்கள். ‘அண்ணே’ என்ற அழைப்புக்கும் இரண்டு முகம் உண்டு. நெருக்கம் தரும், கூடவே, அண்ணன் சொன்னதைத் தம்பி மறுத்துப் பேசக்கூடாது என்ற வழக்கத்தையும் கூட்டிவரும். “அண்ணன் சொல்வது தப்பு என்றால் தம்பி உடனே சொல்லணும்” என்பதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். ஒருமுறை சொன்னால் நம்பமாட்டார்கள். யாராவது மறுத்துப் பேசி, அதை நீங்கள் எல்லோர் முன்னாலும் ஏற்றுக்கொண்ட பிறகே நம்புவார்கள்.

வேலை கைமாறும் இடம்

கோளாறுகள் பெரும்பாலும் இரண்டு பேருக்கு நடுவில் பிறக்கின்றன. ‘நீங்கள் பார்ப்பீர்கள் என்று நினைத்தேன்’ என்பதுதான் அவற்றின் பொது விளக்கம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு பெயர் எழுதுங்கள். இரண்டு பெயர் எழுதிய வேலை யாருடையதும் இல்லை.

பணிநேரம் மாறும்போது ஐந்து வரித் தாள் போதும்: முடிந்தது, பாதியில் நிற்பது, உடைந்தது அல்லது குறைவது, வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கு, அடுத்தவர் முதலில் தொட வேண்டியது. எழுதிவைத்துவிட்டுப் போகக்கூடாது, இருவரும் எதிரெதிரே நின்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். அந்த ஐந்து நிமிடத்துக்கும் சம்பளம் உண்டு என்பதை அட்டவணையிலேயே காட்டுங்கள். இல்லாவிட்டால் பேருந்து நேரம் பார்த்து ஓடிவிடுவார்கள், அதில் அவர்கள் தப்பு ஒன்றுமில்லை.

வாட்ஸ்அப்பில் மூன்று குழுவுக்கு மேல் வேண்டாம். அறிவிப்புக்கு ஒன்று, அதில் பொறுப்பாளர் மட்டும் எழுதலாம். அன்றாட வேலைக்கு ஒன்று. அரட்டைக்கும் பிறந்தநாளுக்கும் ஒன்று, அங்கே வேலைப் பேச்சு கூடாது. அவசரமென்றால் அழைக்க வேண்டும், செய்தி அனுப்பக்கூடாது. பழுதுகளை அரட்டையில் சொல்லாமல் பழுதுப் பட்டியலில் எழுத வேண்டும். சுவரில் தொங்கும் நோட்டுப் புத்தகமே போதும். தேதி, என்ன, சொன்னவர், எடுத்துக்கொண்டவர், முடிந்த தேதி.

தவறு நடந்தபின் அரை மணி நேரம்

ஒரு கற்பனை உணவகத்தை எடுத்துக்கொள்வோம். காலையில் வந்த சமையல்காரர் குளிர்பெட்டி 11 டிகிரி காட்டுவதைப் பார்க்கிறார். குளிர்ந்த உணவு 4 டிகிரிக்குமேல் போகக்கூடாது. 20 கிலோ கோழியைக் கொட்ட வேண்டியதாகிறது. உடனே வரும் தீர்ப்பு: இரவு ஆள் கதவைச் சரியாக மூடவில்லை, சம்பளத்தில் பிடி.

பிடிப்பதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள். பொருள் இழப்புக்காகப் பிடிப்பதானால், ஊழியருக்கு விளக்கமளிக்க வாய்ப்புக் கொடுத்து விசாரித்த பிறகே பிடிக்கலாம். அதுவும் ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் கூடாது. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காகச் செய்ய வேண்டும் என்றில்லை. ஒருமுறை பிடித்தால் அடுத்த முறை 11 டிகிரி என்று யாரும் சொல்லமாட்டார்கள். கோழி அடுப்புக்குப் போகும்.

மாறாக, இரண்டு நாளுக்குள் சம்பந்தப்பட்டவர்களை உட்காரவைத்து அரை மணி நேரம் பேசுங்கள். முதல் பத்து நிமிடம் நடந்ததை நேர வரிசையில் எழுதுவது மட்டும். பிறகு ‘ஏன்’ என்று கேட்டுக்கொண்டே போவது. டொயோட்டா தொழிற்சாலைகளிலிருந்து பரவிய பழக்கம் இது. கதவு ஏன் மூடவில்லை? ஓரத்து ரப்பர் கிழிந்திருந்தது. ஏன் மாற்றவில்லை? இரவு ஆள் இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்லியிருந்தார். ஏன் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை? வாட்ஸ்அப்பில் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவே போய்விட்டது. பார்த்தவர் ஏன் பழுதுபார்ப்பவரை அழைக்கவில்லை? முதலாளி ஒப்புதல் இல்லாமல் செலவு செய்ய முடியாது, முதலாளி அப்போது சொந்த ஊருக்குப் போயிருந்தார்.

இப்போது செய்ய வேண்டியது தெரிகிறது: 300 வெள்ளி வரையிலான பழுதுக்கு இரவுப் பொறுப்பாளரே ஆளை அழைக்கலாம் என்று எழுதிக் கொடுப்பது. ‘இனிமேல் கவனமாக இருக்க வேண்டும்’ என்பது ஒரு தீர்வாகப் பதிவேட்டில் ஏறவே கூடாது. கேள்வி ஒரு மனிதரின் பெயரில் வந்து நின்றுவிட்டால் இன்னொரு முறை ‘ஏன்’ கேளுங்கள். ஒரே சங்கிலியோடு நிறுத்தவும் வேண்டாம். இரவு முழுக்க வெப்பநிலையை யாரும் பார்க்காதது இங்கே இன்னொரு சங்கிலி. முடிவு மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு தேதி.

தெரிந்தே விதியை மீறியவர், குடித்துவிட்டு வந்தவர், பொய்க் கையெழுத்திட்டவர் ஆகியோருக்கு இந்தக் கூட்டம் பொருந்தாது. அவை ஒழுங்கு நடவடிக்கை, தனியாக, எழுத்துமூலம். இரண்டையும் கலந்தால் கூட்டம் விசாரணைக் கூண்டாகிவிடும்.

இரண்டு கதவு

மேலாளரைப் பற்றியே புகார் என்றால் மேலாளரிடம் எப்படிச் சொல்வது? குறைகளைச் சொல்லக் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவர் வேலை வரிசைக்கு வெளியே, வேறு பாலினத்தவராக இருந்தால் நல்லது. பெற்றுக்கொண்டதை இரண்டு நாளில் உறுதிசெய்வது, இரண்டு வாரத்தில் பதில் சொல்வது என்று காலம் குறித்துச் சுவரில் ஒட்டுங்கள். புகார் கொடுத்தவரை அடுத்த மூன்று மாதம் கவனியுங்கள்: அவருடைய ஓடி திடீரெனக் குறைந்ததா, கடினமான இடத்துக்கு மாற்றப்பட்டாரா? பழிவாங்கல் பெரும்பாலும் அட்டவணையில்தான் நடக்கும்.

2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் வயது, இனம், சமயம், மொழித்திறன், குடியுரிமை, பாலினம், கர்ப்பம், பராமரிப்புப் பொறுப்பு, உடற்குறை, மனநலம் போன்றவற்றின் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்க வகைசெய்கிறது. குறைகேட்கும் முறை ஒன்றையும் நிறுவனங்களிடம் எதிர்பார்க்கிறது. 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு உண்டு. விலக்கை நம்பிச் சும்மா இருக்க வேண்டாம். 25வது ஆளை எடுக்கும் நாளில் புதிதாக ஆரம்பிப்பது சிரமம்.

நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கு ஊழியர் முறைப்படி விண்ணப்பித்தால் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் வணிகக் காரணம் சொல்ல வேண்டும் என்பது 2024 டிசம்பர் முதல் நடப்பில் உள்ள முத்தரப்பு (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டி. ‘இங்கே அப்படி வழக்கமில்லை’ என்பது காரணமாகாது.

பண்டிகை அட்டவணை சின்ன விஷயமாகத் தெரியும். குழுவின் மனநிலையை அதுதான் காட்டும். தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு மூன்றுக்கும் யார் யாருக்காக நின்றார்கள் என்று ஆண்டு முழுவதற்கும் ஒரே தாளில் எழுதித் தொங்கவிடுங்கள். தீபாவளிக்குத் தமிழர் எல்லோரும் விடுப்பு எடுத்துக்கொண்டு, பெருநாளுக்கு மலாய் ஊழியரிடம் “ஆள் இல்லை” என்று சொல்லும் தமிழ் முதலாளியை அந்தத் தாளே கேள்வி கேட்கும். நோன்பு மாதத்தில் கடினமான தூக்கும் வேலைகளைக் காலைக்கு நகர்த்தலாமா என்று சம்பந்தப்பட்டவரிடமே கேளுங்கள். அவருக்காக நீங்களே முடிவெடுக்காதீர்கள்.

நேற்றுவரை நல்ல வெல்டர், இன்று ஃபோர்மேன்

நன்றாக வேலை செய்பவரை மேற்பார்வையாளராக்குகிறோம். மேற்பார்ப்பது எப்படி என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே வழி, தன் பழைய ஃபோர்மேன் கத்தியதுபோல் கத்துவது. பதவி உயர்வுக்கு முன் நாலு வாரம், வாரத்தில் ஒரு நாள் அவர் பத்து நிமிடக் கூட்டத்தை நடத்தட்டும், நீங்கள் ஓரமாக நில்லுங்கள். கூட்டம் முடிந்ததும் ஒரே ஒரு திருத்தம் மட்டும் தனியாகச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் அவருடைய சொந்த வேலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுங்கள். இரண்டையும் முழுசாகச் சுமத்தினால் தனக்குத் தெரிந்த வெல்டிங்கைத்தான் பிடித்துக்கொள்வார், ஆட்களை விட்டுவிடுவார். மாதம் ஒருமுறை நீங்கள் அவரோடு அரை மணி நேரம் தனியாக உட்கார வேண்டும். அதைத் தள்ளிப்போடலாம், ரத்து செய்யக்கூடாது.

90ஆம் நாள்

கணக்குப் பார்க்க நாலு எண் போதும்: சம்பளத்தில் திருத்திய பிழைகள், பதிவான நூலிழைச் சம்பவங்கள், பழுது எழுதிய நாளிலிருந்து முடிந்த நாள் வரை ஆன சராசரி நாட்கள், சேர்ந்து ஆறு மாதத்துக்குள் விலகியவர்கள். முதலாவது குறைய வேண்டும். இரண்டாவது முதலில் ஏறி, பிறகு நிலைகொள்ள வேண்டும். மூன்றாவது குறையாமல் இரண்டாவது மட்டும் ஏறினால் மக்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், யாரும் செய்யவில்லை என்று அர்த்தம். இன்னும் ஒரு மாதத்தில் அந்தப் பேச்சு தானாகவே நின்றுவிடும்.

பிறகு மூன்றாவது வாரம் பேசிய அதே பத்துப் பேரிடம் அதே நான்கு கேள்விகளோடு மறுபடி போங்கள். பழைய குறிப்புகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது விலகியிருந்தால் அவர் இடத்தில் வந்தவரைக் கேளுங்கள், விலகியவரையும் தொலைபேசியில் கேளுங்கள். இப்போது அவர் உண்மையைச் சொல்வார். யாராவது அன்று சொன்ன அதே குறையை அதே வார்த்தைகளில் திரும்பச் சொன்னால், மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு மறுநாள் காலை அதிலிருந்து தொடங்குங்கள்.